ஜெட்டியில் புதுக் கயிறு

டெல்லியிலுள்ள விபத்து விசாரணை அலுவலகத்துக்கு இந்தத் தீவுகளில் நான் ஒருவன்தான். போகிற இடமெல்லாம் முதலில் சொல்வது ஒன்றே: "யார் மேலயும் பழி போட வரல. இன்னொரு தடவை நடக்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்." சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இதுவரை ஒருவரும் நம்பியதில்லை.

கட்சால் தீவுக்கும் அப்படித்தான் போனேன். ஜெட்டியில் படகைக் கட்டும்போது கயிறு அறுந்து, சுண்டி அடித்ததில் கயிறு பிடிக்கும் லஸ்கர் ஒருவர் செத்துப்போயிருந்தார். கயிறு இற்றுப்போயிருந்ததா, அவர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றாரா என்பதுதான் கேள்வி. கவனமில்லாத ஆள் என்று ஊர் அதற்குள் முடிவு கட்டியிருந்தது. அறுந்த முனையைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

கடல் ஆட்டிய ஆட்டமெல்லாம் தாண்டிப் போய் இறங்கினால், படகு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. தளம் கழுவி, கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்து, புத்தம் புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்தார்கள்.

பழைய கயிறு எங்கே என்றேன். படகை ஓட்டும் செராங் பெருமையாகவே சொன்னார்.

"மெயின்லேண்ட் ஆபீசர் வர்றாங்கன்னாங்க சார். ரத்தம் பட்டு அசிங்கமா, கந்தாவா கிடந்துச்சு, கொளுத்திட்டோம். எல்லாம் கழுவி சாஃப் பண்ணியாச்சு."

நான் இருப்பது மெயின்லேண்டில் இல்லை, போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எரிச்சல் மண்டைக்கு ஏறியது, ஆனால் யாரைத் திட்டுவது? எந்தத் தீவுக்குப் போனாலும் இதே கதைதான். ஆபீசருக்கு இவர்கள் காட்டும் மரியாதை துடைத்து வைப்பது.

"புதுசு எப்ப வந்துச்சு?"

"ரொம்ப நாளா ஸ்டோர்ல இருந்துச்சு சார்."

இறந்தவரின் மனைவியை ரப்பர் தோட்டக் குடியிருப்பில் பார்த்தேன். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பம்.

"எங்க வீட்டுக்காரவுங்க மேல தப்புன்னு எழுதுவீங்களா தொரை?"

"இல்லைம்மா."

"தப்பு இல்லைன்னு?"

"அதையும் எழுத முடியாதும்மா. அறுந்த கயிறு இல்லை."



"புதுக் கயிறு குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஸ்டோர்ல ஸ்டாக் இல்லன்னுட்டாங்களாம். இப்ப வந்திருச்சின்னு சொல்றாங்க. நல்ல கயிறுங்களா தொரை?"

கயிறு ஸ்டோரிலேயே கிடந்த விஷயத்தை அறிக்கையில் எழுதத்தான் போகிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தெம்பில்லை.

"நல்ல கயிறும்மா" என்றேன்.