ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

நடந்தவை, வரிசையாக:

1. திங்கள்கிழமை காலை, டாக்சி டிரைவர் செல்லையன் தன் பழைய டீசல் அம்பாசடரை, பாறசாலையில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். என்ஜினில் சத்தம் என்றார்.
2. என்ஜினின் மேல்பகுதியில், வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளி கூடியிருந்தது. சரிசெய்தேன்.
3. ரோடு டெஸ்ட் எடுக்கவில்லை.
4. ஜாப் கார்டில் ‘சத்தம் நீங்கியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
5. வியாழக்கிழமை பகல், நெய்யாற்றின்கரை தாண்டி ஓர் ஏற்றத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் பிளாக்கை உடைத்தது; வண்டி நின்றது. பின்சீட்டில் அவர் மனைவி பிரசவ வலியோடு இருந்தார்.

மூன்றாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்து அப்போது எனக்கு ஒரு வருட அனுபவம். ஒர்க்‌ஷாப்பை நடத்தியவரை எல்லோரும் ஆசான் என்போம். அன்று ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் காட்டாக்கடைக்குப் போயிருந்தார்.

“வண்டியும் அவளும் ஒண்ணுபோல நிறைமாசமாக்கும்” என்று சிரித்தார் செல்லையன். பிறகு சிரிப்பு நின்றது. “வலி வந்தா உடனே திருவனந்தபுரத்துக்கு கொண்டு வரணும், ஆப்பரேஷன் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கு. இதை நம்பி கேறலாமா மக்கா?”

நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மேலே, டாப்பெட் கவரில், டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. கீழே ஒன்றுமில்லை.

“இந்த சத்தம் இல்ல மக்கா. ஆள் கேறி, ஏத்தத்துல போவும்போ அடியில டம் டம்முனு ஒண்ணு உண்டு. ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?”

போகக் கூடாது என்பது நான் சேர்ந்த நாளிலேயே ஆசான் போட்ட நிபந்தனை. “பெம்பிள்ளை டாக்சிக்காரன்கூட காருல போனா கவலையில நிக்கியவன் கதை கட்டுவான். டெஸ்ட் எல்லாம் நான் எடுக்கியேன்.” கவலை என்றால் இங்கே நாற்சந்தி. எங்கள் வீட்டிலும் இந்த நிபந்தனையைக் கேட்டபிறகுதான் வேலைக்கு அனுப்பினார்கள்.

“ஆசான் வரட்டும் அண்ணே” என்றேன்.

செல்லையன் வண்டியை விட்டுப் போன பிறகு, ஆசான் சாயங்காலம் வந்தார். “சத்தம் உண்டா?”

“வண்டி நிக்கும்போ, ஐடிலிங்கில் இல்ல ஆசான்.”

“அப்ப விடு.”

ஏற்றத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டேன், அதுவே போதும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வழியில் வேறு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தை இறந்து பிறந்தது. தாய் பிழைத்தார். நேரத்தோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை.

காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினேன். ஆயிலில் பேரிங் உலோகத் தூள் மின்னியது. மூன்றாவது சிலிண்டரில், கனெக்டிங் ராடின் கீழ்முனையிலுள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்து நைந்திருந்தது. பாரம் ஏறும்போது மட்டுமே தட்டும் இடம் அது.

செல்லையன் அந்தப் பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“நான் சொன்னேம்லா மக்கா, ஏத்தத்துலயாக்கும்னு.”

ஆசான் கை கழுவப் போனார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஓட்டுகிறவர் எங்கே கேட்டது என்கிறாரோ அங்கே போய்க் கேளுங்கள். இப்போது நான் நான்கு பேரை ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். ஆசான் தடுப்பதில்லை. கவலையில் நிற்பவர்கள் பேசத்தான் செய்கிறார்கள்.

அந்தக் கார் இரும்பு விலைக்குப் போனது. செல்லையன் இன்னொருவருடைய ஜீப்பை ஓட்டுகிறார். அதை ரிப்பேருக்கு எங்களிடம் கொண்டுவருவதில்லை.