நான் அறுத்த நாற்காலிக் கால்கள்

ஓய்வு பெற்ற பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில், இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடைக்கு அடிக்கடி போவேன். உடைந்த கட்டிலின் சட்டங்களில் செருப்பு வைக்கத் தட்டு செய்தேன். தையல் மெஷினின் இரும்புக் கால்மேல் பழைய கதவுப்பலகையைப் போட்டு மேசையாக்கினேன். "சாரே, ஒங்க வீட்டுல ஆளுவ நிக்க எடம் உண்டா?" என்பார் கடைக்காரர்.

மனைவிக்கு முழங்கால் முட்டில் ஆபரேஷன் முடிந்ததும், உயரமான நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். புதிது வாங்கலாம் என்றாள் மகள். நான் கேட்கவில்லை. அந்தக் கடையிலிருந்து கைப்பிடி வைத்த அயனிமர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தேன். பிய்ந்த பிரம்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வயர் பின்னினேன். மனைவி உட்கார்ந்து பார்த்தாள். கைப்பிடியை ஊன்றித் தானாகவே எழுந்தாள். அதோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வண்ணம் பூச வராந்தாவில் போட்டபோது லேசாக ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தேன். தள்ளிப் போட்டால் வேறு பக்கம் ஆடியது. அதையும் அறுத்தேன். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். சாரல்தண்ணீர் மூலை ஓட்டைக்கு ஓட, வராந்தாத் தரையை அங்கங்கே சரித்துத்தான் போட்டிருந்தோம். சரிவு போதாதென்று கொத்தனாரிடம் சண்டை போட்டதே நான்தான். கோணல் தரையில்தான் என்று மண்டையில் உறைத்தபோது நாற்காலி நாலு விரல் தாழ்ந்திருந்தது.

ஒன்றும் சொல்லாமல் வண்ணம் பூசி அறையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அவளால் அதிலிருந்து எழ முடியவில்லை. "எனக்க முட்டு பின்னயும் கேடாயிட்டு போல" என்றாள். பயிற்சி செய்தால் சரியாகும் என்றேன். அருமனையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாள். இன்னொரு ஆபரேஷனைத் தன் உடம்பு தாங்காது என்று மகளிடம் அழுதது, முற்றத்தில் ஒரு மேசை இழுப்பறையைச் சுரண்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. உப்புத்தாளைப் போட்டுவிட்டு உள்ளே போய், காலை அறுத்ததைச் சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "நான் எழும்ப முடியாம கெடந்தத பாத்துட்டும் வாய தொறக்கல்ல, இல்லியா?" என்றாள்.

நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்துத் திருகாணி முடுக்கினேன். உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். நீட்டிய என் கையைத் தொடவில்லை. விசேஷத்துக்குப் போகலாம் என்று மகளிடம் சொன்னாள்.

நானும் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். அவளும் மகளும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.