சுத்தப் பட்டு

வெளிநாட்டுக்கு முதல்முறை வந்த தையல்காரரையும் அவர் மனைவியையும், "அண்ணே, வாங்க, சும்மா பாருங்க" என்று தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்தே கடைக்காரன் உள்ளே இழுத்துவிட்டான். உட்கார்ந்ததும் பின்னால் ஷட்டர் பாதி இறங்கியது. வாசலை மறித்து ஸ்டூல் போட்டுக்கொண்டார்கள் இரண்டு தடியர்கள்.

"சுத்தப் பட்டு" என்று மடியில் ஒரு சால்வையை விரித்தான் கடைக்காரன். தையல்காரரின் கை சும்மா இருக்குமா? முப்பது வருடப் பழக்கம். ஓரத்தில் ஒரு நூலை உருவி, மேஜையில் கிடந்த லைட்டரில் காட்டினார். நூல் உருகிக் கறுப்பு மணியாக உறைந்தது. பாலியஸ்டர்.

கடைக்காரனின் சிரிப்பு அப்படியே நின்றது. ஷட்டர் இன்னும் ஒரு முழம் இறங்கியது.

"என்னங்க, வாயத் தொறக்காதீங்க" என்று மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள்.

அந்த நேரம் பார்த்து, தடியர்கள் வழிவிட, நம்மூர்ப் பெண் ஒருத்தி புருஷனோடு குனிந்து உள்ளே வந்தாள். சால்வையைத் தடவிப் பார்த்து, "அண்ணே, இது பட்டுதானா?" என்று தையல்காரரிடமே கேட்டாள்.

கடைக்காரனின் கை அவர் தோளில் வந்து கனமாக உட்கார்ந்தது.

ஊரில், பாலியஸ்டரைப் பட்டு என்று சொல்லித் தைக்கக் கொண்டுவந்த கல்யாண வீட்டுக்காரர்களையே முகத்துக்கு நேராகத் திட்டி அனுப்பியவர் அவர்.

"சுத்தப் பட்டும்மா" என்றார்.