பச்சை தெரியக்கூடாது

இந்த மழைக்குப் பிறகு கோவிந்தராசு வரப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார். பார்க்கிறவர்களுக்கு மிராசுதார் நடைபோலத் தோன்றும். விஷயம் அதுவல்ல. கையை அவிழ்த்துவிட்டால் அது வயலுக்குள் போய்விடும்.

அந்தக் கையின் குணம் குத்தாலம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும், வழியில் யார் வயலிலாவது கோரை தலைநீட்டினால் இறங்கிப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சேற்றுக் காலோடு பந்தியில் உட்கார்ந்து, மனைவி அமிர்தத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். “கை சும்மா இருக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்றது” என்பார், அடங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

போன வருஷம் அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது. கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி அழுகியது. தண்ணீர் வடிந்ததுமே கடன்பட்டு நாற்று வாங்கி, செத்த இடமெல்லாம் பார்த்துப் பார்த்து நட்டுவிட்டார். எந்தக் கட்சி ஆண்டாலும் வெள்ள நிவாரண அறிவிப்பு சென்னையிலிருந்து உடனே வந்துவிடுகிறது; ஜீப் வரத்தான் நாளாகிறது. வந்தவர்கள் ரோட்டிலிருந்தே எட்டிப் பார்த்து, “பயிர் பச்சையாத்தானே இருக்கு” என்று போய்விட்டார்கள். அடுத்த வயலில் அழுகலை அப்படியே போட்டுவைத்துக் காலாட்டிக்கொண்டிருந்த சாமிதுரைக்கு நிவாரணம் கிடைத்தது. இவருக்கு நாற்றுக் கடன்தான் மிச்சம்.

அமிர்தத்துக்கு அது ஆறவேயில்லை. அவர்கள் பயிரிடுவது கோயில் நிலம்; அதன் குத்தகையைத் தம் பெயரில் பதிய வைக்க, கொடி பிடித்து அடிபட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவள் மாமனார். அப்படிப் பதிவில் ஏறிய பெயர் இருந்தும் நிவாரணத்துக்குப் பிரயோஜனமில்லையே என்று புலம்பினாள்.

இந்த வருஷமும் மூழ்கியது. அதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு முடி நாற்றுகூட வயலில் இறங்கக்கூடாது என்று அமிர்தம் முதல்நாளே சொல்லிவிட்டாள். மகளின் நர்சிங் படிப்பு இந்த நிவாரணத்தை நம்பித்தான் நிற்கிறது. சாமிதுரை, பாவம், நல்ல மனசோடு மூழ்காத தம் மேட்டு நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

“வேணாங்க. பச்சை தெரியக்கூடாது” என்றார் கோவிந்தராசு. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அந்த நாற்று முற்றி, நடவுக்கு லாயக்கில்லாமல் மாட்டுக்குப் போனது. அவர் தினமும் போய் அழுகல் வாடையில் நின்றுவிட்டு வந்தார். நாளெல்லாம் மூட்டை தூக்கிய காலத்தில்கூட உடம்பு இப்படி அசந்ததில்லை என்றார்.

ஒருவழியாக ஜீப் வந்தது. விவசாய ஆபீசிலிருந்து வந்த பெண் அதிகாரி சின்ன வயசுக்காரர். வரப்பு வரைக்கும் இறங்கி நடந்தார். வயலைப் பார்த்ததும் அவர் முகமே வாடிப்போனது. போட்டோ எடுக்க வேண்டும், ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அழுகிய குத்து சேற்றோடு கையில் வர, அதை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். முழுச் சேதம்தான், நிவாரணம் கட்டாயம் வரும் என்று அதிகாரி சொன்னதும் அமிர்தம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“போதுங்கய்யா. அதைக் கீழ போட்டுடுங்க” என்றார் அதிகாரி, போட்டோ எடுத்து முடித்ததும்.

கோவிந்தராசு போடவில்லை. குனிந்து வயல் தண்ணீரில் அந்தக் குத்தை அலசினார். அழுகல் கழன்று போனபின் பக்கத்தில் வெடித்த ஒரு சிம்பு மட்டும் வெளிறிய பச்சையில் உயிரோடு இருந்தது. அதைத் தனியாகப் பிரித்து, பிடுங்கிய இடத்திலேயே பெருவிரலால் அழுத்தி ஊன்றினார்.