அம்மாவின் இடுப்புக் கத்தி

எண்பத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மனியில் நொய்கெல்ன் என்ற இடத்தில், ஓர் அகதி விடுதியில் நானும் அம்மாவும் ஒரே அறையில் இருந்தோம். ஆறு குடும்பங்களுக்கு ஒரு குசினி. அங்கே கத்தியை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினால் வெங்காயம் இருக்கும், கத்தி இருக்காது. அம்மா அடுத்த அறைக்காரியிடம் போய்க் கேட்பார். அவள் தன் மொழியில் கத்துவாள், அம்மா தமிழில் கத்துவார், நடுவில் நான் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சண்டைக்குப் பிறகு விடுதிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். இன்னொரு முறை நடந்தால் எங்கள் அறைக்குக் குசினி கிடையாது, விடுதி கொடுக்கும் பொதிச் சாப்பாடுதான். வந்த புதிதில் அந்தப் பொதியைத் தின்றுதான் இருந்தோம். மச்சம் மாமிசம் தொடாத அம்மா அதிலிருந்த பாணும் ஜாமும் மட்டும் தின்று, சேலைச் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோயிருந்தார்.

விடுதிக்குச் சைக்கிள் திருத்த வந்துபோகும் ஒருவர் பின்தெருவில் பட்டறை வைத்திருந்தார். காட்டில் கூடாரம் போட்டுச் சமைப்பவர்களுக்காக, இடுப்புவாரில் உறையோடு கொழுவும் கத்திகளைக் கையால் செய்பவர். அம்மாவின் வடையைத் தின்ற நன்றியில் அம்மாவுக்கும் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். இடுப்பிலேயே இருந்தால் யார் களவெடுப்பது? அந்த யோசனை எனக்குப் பிடித்தது. அவர் கேட்ட கேள்விகள்தான் பிடிக்கவில்லை. கை எவ்வளவு அகலம்? வியர்க்குமா? என்னென்ன காய்? வதிவிடத்துக்கு, உடுப்புக்கு, மருத்துவருக்கு என்று அன்ட்ராக் படிவங்கள் நிரப்பியே கை ஓய்ந்திருந்த எனக்கு, ஒரு கத்திக்கும் இந்த விசாரணையா என்று எரிச்சல் வந்தது.

"உங்கள் அம்மா எப்படி வெட்டுவார்?"

அம்மா நிலத்தில் குந்தியிருந்து, வெங்காயத்தை இடது உள்ளங்கையில் பிடித்து, கத்தியைத் தன் பெருவிரலை நோக்கி இழுத்து வெட்டுவார். பலகையே கிடையாது. மற்றப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஜெர்மன் வகுப்பிலும் முதல் ஆள். அம்மா வெட்டும் விதத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மேசையில், பலகையில் வைத்து. எல்லாரையும் போல," என்றேன்.

மூன்று கிழமையில் கத்தி வந்தது. பளபளக்கும் மரப்பிடி, தோலுறை, தடித்த அலகு, அடியிலிருந்து நுனி வரை கூர். அம்மா சேலைக்கு மேல் ஒரு பழைய வாரைக் கட்டி அதைக் கொழுவிக்கொண்டு குசினிக்குப் போனார். முதல் வெங்காயத்திலேயே பெருவிரல் கிழிந்தது.

"இது வெங்காயம் வெட்டவோ, விறகு பிளக்கவோ?"

"பலகையிலை வைச்சு வெட்டுங்கோவன் அம்மா."

"ஏன், என்ர கைக்கு என்ன குறை? நான் எப்பிடி வெட்டுறனான் எண்டு அந்தாள் கேக்கேல்லையோ?"

"கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் விரலில் துணி சுற்றியபடி அம்மா கத்தி இரவல் கேட்க அடுத்த அறைப் பக்கம் நடந்தார். மூன்றாவது சண்டை என் கண்முன்னே நின்றது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, சப்பாத்தைப் போடவைத்து, பட்டறைக்குக் கூட்டிப்போனேன்.

கத்திக்காரர் அந்த விரலைப் பார்த்ததும் முகம் வாடி, "என் பிழை, அலகை அளவுக்கு மீறித் தீட்டிவிட்டேன்," என்றார். அம்மா எதற்கும் காத்திருக்கவில்லை. பட்டறை நிலத்தில் பத்திரிகையை விரித்துக் குந்தினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். மேசையில் கிடந்த தேய்ந்த சின்னக் கத்தி ஒன்றால் அதை உள்ளங்கையில் வைத்தே சீவித் தள்ளினார். கத்திக்காரரும் பக்கத்தில் குனிந்து அம்மாவின் பெருவிரலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேசையில் என்று சொன்னீர்களே?"

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

மழுப்பியிருக்கலாம். அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அந்த மனிதர் தன் பிழை என்ற முகத்தோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் பொய் சொன்னதை இரண்டு மொழியிலும் சொன்னேன். ஜெர்மனில் சொல்வது சுலபமாக இருந்தது.

"வெக்கமோ உனக்கு?" என்றார் அம்மா. "கறியை மட்டும் மூண்டுதரம் போட்டுத் தின்னத் தெரியும்."

அன்று பின்னேரம் வரை அங்கேயே இருந்தோம். அவர் அலகைக் குறுக்கி, தேய்த்து மெல்லிசாக்கி, பெருவிரல் அணையும் இடத்தில் கூர்மையை மழுக்கினார். அந்தக் கத்தியோடு அம்மா இன்னும் இரண்டு ஆண்டுகள் அதே குசினியில் சமைத்தார். மூன்றாவது சண்டை வரவில்லை. ஆனால் அன்று பட்டறையில் அம்மா என்னை அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"குந்தேக்கை உறை தொடையிலை குத்துது. மேலை ஏத்திக் கொழுவச் சொல்லு."

"உறையை உயர்த்த வேண்டுமாம்," என்றேன்.

"இவ்வளவுதானோ? குந்தேக்கை எண்டதையும் சேர்த்துச் சொல்லு."

வகுப்பில் முதல் ஆளான எனக்கு, குந்துவதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தெரியாது. அம்மா காத்திருந்தார். கத்திக்காரரும் காத்திருந்தார். நான் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பத்திரிகையில் குந்திக் காட்டினேன்.