எழுத்து அழியாத சோப்புகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். போன வாரம் போனில் வந்த ஒரு பதிவுக் குரலிடம் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ கம்பெனிக்கு என் வீட்டுச் சாமான்களைப் பற்றித் தெரிய வேண்டுமாம். "உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எண்ணை அழுத்தவும்" என்றது. இரண்டை அழுத்தினேன். அதோடு விட்டேனா? பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று கத்தாரில் தோஹாவுக்குப் போன மனைவி இரண்டு வருடமாகியும் திரும்பாததையும், நான் ரசம் வைக்கப் பழகிய கதையையும் விளக்கினேன். குரல் எப்போதோ நன்றி சொல்லிப் போயிருந்தது. சட்டியைக் கிளறிக்கொண்டே பேசியதில் கவனிக்கவில்லை.

அப்புறம் குளிக்கப் போனால், மாடத்தில் அவளுடைய சந்தன சோப்பு. அந்த வாசனைதான் என்னைக் குளச்சலுக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு வீடாகப் போய், யார் என்ன சோப்பு போடுகிறார்கள் என்று படிவத்தில் எழுதும் வேலை. திருவட்டாறில் ஒரு வீட்டில் என்னைக் கல்யாணத் தரகன் என்று நினைத்து உட்காரவைத்து முறுக்கு தந்தார்கள். தின்று முடித்த பிறகுதான் படிவத்தை வெளியே எடுத்தேன். அப்படியொரு நேர்மை!

ஒரு மாதம் சோதனை. தேறினால் வேலை நிரந்தரம். வாயால் சொன்னதை மட்டும் எழுதக்கூடாது, சோப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

குளச்சலில் மீன் ஏலம் நடக்கும் கரைக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு உம்மா கதவைத் திறந்தார்.

"வீட்ல எத்தன பேரு உம்மா?"

"நாலு. எழுது மக்கா. அவரு, மூத்தவன், எளையவன், பின்ன நான்."

ஒரு தட்டில் நாலு சோப்பைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்பு கணவருக்கு, எலுமிச்சை மூத்தவனுக்கு, வேம்பு இளையவனுக்கு, சந்தனம் தனக்கு. "ஒருத்தன் போடுதத மத்தவன் தொடமாட்டான்" என்று பெருமையாகச் சிரித்தார். ஒரே வீட்டில் நாலு வகை! புதையல் கிடைத்தவன்போல எழுதிக்கொண்டேன். சாயா வந்தது, எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரி வந்தது, பேச்சு வந்துகொண்டே இருந்தது. இன்னும் பல வீடு பாக்கி என்று நான் பாதிப் பேச்சில் எழுந்தேன்.

"இரி மக்கா. இனி கேள்வி ஒண்ணும் இல்லியா?"

"தீந்து போச்சு உம்மா."

மறுவாரம் அந்த வீட்டைச் சரிபார்க்கப் போன எங்கள் மேற்பார்வையாளர், திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, சோப்பப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"மூணு சோப்புல எழுத்தே அழியல்ல. நனையாத சோப்புல ஆருடே குளிக்கா?"

மூன்று ஆண்களும் சவூதியில் இருந்தார்கள். போய் நாலு வருடம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் கம்பெனி விதிப்படி வீட்டு ஆள் அல்ல, படிவத்திலிருந்து வெட்ட வேண்டும். நானே போய், அந்த உம்மாவின் முன்னால் திருத்திக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை.

போனேன். நாலை வெட்டி ஒன்று என்று எழுதினேன். மூன்று சோப்பையும் வெட்டினேன். உம்மா என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவியளுக்க பேரு அதுல கெடந்தா ஒனக்கு என்ன மக்கா நட்டம்?"

"விதி உம்மா."

"அப்ப சோப்பயும் எடுத்துட்டுப் போ. ஒனக்க கம்பெனிக்காரன் குளிக்கட்டு."

கையெழுத்துப் போட்டார். அன்று சாயா இல்லை. எனக்கு வேலை நிரந்தரமானது.

அந்த நிரந்தரக் கம்பெனி இப்போது இல்லை. படிவமும் இல்லை. கதவைத் தட்டிக் கேள்வி கேட்க யாரும் வருவதில்லை. எங்கள் விதிப்படி என் வீட்டிலும் ஒருவர்தான். நான் இரண்டை அழுத்தியிருக்கிறேன். யாராவது சரிபார்க்க வந்தால் மாட்டிக்கொள்வேன். வரட்டுமே. சாயா போட்டுத் தருவேன், உட்காரவைத்து உப்பேரியும் தருவேன்.

நேற்று பஸ் ஏறிக் குளச்சலுக்குப் போனேன். எதைச் சரிபார்க்க என்று கேட்காதீர்கள். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது, பளபளவென்று. எதிரே தூண்டில், வலை விற்கும் கடைக்காரரிடம் என் பழைய உத்தியோகக் குரலில், "இந்த வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"பூட்டு கண்ணுல படல்லியா ஓய்?"