மிஸ்ஸின் தராசு

அந்தக் கருவியை எங்கள் நோயாளிகள் தராசு என்றுதான் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் மெத்தென்ற பட்டை, மறுபக்கம் சின்னத் திரை. நோயாளியின் காலிலோ கையிலோ அதை வைத்து நான் அசையாமல் பிடித்துக்கொள்வேன். அவர் முழுப் பலத்தோடு தள்ளவேண்டும். எத்தனை கிலோ பலத்தில் தள்ளினார் என்று திரையில் விழும். கடலோரத்து ஆட்களுக்குக் கிலோ என்றால் மீன். அதனால் அது தராசு, நான் தராசுக்கார மிஸ்.

அது வருவதற்கு முன் பதினொரு வருடம் ஆஸ்பத்திரிப் பிசியோதெரபி அறையில் வெறுங்கையால்தான் பார்த்தேன். நோயாளியின் காலை அமுக்கிப் பார்த்து, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை ஒரு புள்ளி போடுவேன். நாலுக்கு வந்தவர் மாதக்கணக்கில் நாலிலேயே கிடப்பார். உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்துவிட்டு வந்து காலை நீட்டுவார், நான் திரும்பவும் நாலு என்பேன். முகம் செத்துப்போகும். யுத்தம் முடிந்த பிறகு யாரோ அன்பளிப்பாக அனுப்பிய பெட்டியில் இந்தக் கருவி வந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று எங்கள் பொறுப்பாளர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சண்டை பிடித்துச் சாவியை வாங்கியது நான். அது அலுமாரிக்குள்ளேயே கிடந்து துருப்பிடித்திருக்கலாம்.

என் நோயாளிகளில் ஒருவர் கடலட்டை பிடிக்கக் கடலில் சுழியோடுகிறவர். எத்தாளைப் பக்கம் வீடு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து கட்டின துணியோடு துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம். துரத்தியது என் ஆட்கள், தமிழ் இயக்கம். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து ஷெல்லுக்குத் தப்பி வந்து புத்தளத்தில் குந்தியவள். அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குப் போயிருக்கிறார். கடைசித் தடவை அவசரமாக மேலே வந்துவிட்டார். இரத்தத்தில் குமிழி கட்டி முள்ளந்தண்டை அடித்துவிட்டது. இரண்டு காலும் சோர்ந்துபோய் எங்களிடம் வந்தார். இனிச் சுழியோடினால் கால் இல்லை, உயிரே போகும் என்று டொக்டர் முதல் நாளே சொன்னார். அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியும் வைத்தார். இவர் கேட்டுத் தலையாட்டினார். நானும் சொன்னேன். ஒரே ஒரு தடவை. அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வருவார். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருத்தி, கணுக்காலுக்கு மேலே கருவியை வைத்துப் பிடிப்பேன். காலை நிமிர்த்தித் தள்ளவேண்டும். மூன்று தரம் எடுத்து, கூடியதைக் கொப்பியில் எழுதுவேன்.

"மிஸ், இன்டைக்கு மீன்பாடு எப்பிடி?" என்று முதல் நாள் கேட்டார்.

"நாலு கிலோ, நானா."

"நாலா? எல்லாம் சின்னச் சூடையா, இல்லாட்டி நல்ல மீனும் கிடக்கா?"

பக்கத்துக் கட்டிலில் பாரிசவாதத்தோடு கிடந்த அம்மா கத்தினார்: "ஓய், நாலு கிலோவ வச்சிக்கிட்டு ஏலம் போடாதீங்க. எனக்கு மூண்டுதான். நான் சத்தம் போட்டனா?"

"உங்கட மூண்டும் என்ட நாலும் சேந்தா ஏழு, உம்மா. ஒரு பெட்டி நிரப்பலாம்."

அப்படி ஒரு மனிதர். அவர் வரும் நாளில் எங்கள் அறையில் யாரும் அழுததில்லை.

நாலு ஏழானது. ஏழு பதினொன்றானது. வலது கால் முந்தியது, இடது கால் பின்னால் வந்தது. கைத்தடி எப்போது விடலாம் என்று ஒருநாள் கேட்டார். "ரெண்டு காலும் இருபது தாண்டட்டும், விடலாம்" என்றேன். வாயில் வந்த எண். ஒரு இலக்கு இருந்தால் ஆள் முயற்சி செய்வார் என்று சொன்னது.

கால் பலம் பெறப் பெற எனக்குப் பிடிப்பது கஷ்டமானது. என் கை பின்னுக்குப் போனால் திரையில் விழுவது அவரின் பலம் இல்லை, என் கையின் பலம். பொய் எண். அதனால் நான் சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து, முழங்கையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பிடித்தேன். கிலோ கொஞ்சமும் பிசகாமல் எடுக்கவேண்டும் என்று அவ்வளவு வெறி எனக்கு.

அவரை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தது அவரின் மனைவி. கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு கதவடியில் நிற்பாள். எண் ஏற ஏற அவளின் முகம் இறங்கியது. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். என்ன பெண் இவள் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் குழாயடியில் கை கழுவும்போது பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், ஒரு உதவி. இன்டைக்கு அவருக்குக் குறைச்சிச் சொல்லுங்க. ஒரு எட்டு, ஒம்பது கிலோ எண்டா காணும்."

"என்ன கதை இது? ஏன்?"

"ரெண்டு காலும் இருவது தாண்டினா திரும்பச் சுழியோடப் போட்டுல ஏறுறன்டு சொல்லிட்டிரிக்கார். சொன்னாச் செய்யிற மனிசன். என்ட பேச்சு எடுபடாது. மிஸ்ஸிட தராசு சொன்னா நம்புவார்."

அந்த நேரத்தில் நான் அவளை இருத்திக் கதைத்திருக்கவேண்டும். அவரையும் கூப்பிட்டுக் கதைத்திருக்கவேண்டும். எனக்கு வந்தது கோபம். கருவிக்காகச் சண்டை பிடித்தவள் நான், சுவரில் முட்டுக் கொடுத்தவள் நான், என்னைப் பார்த்தா பொய் சொல்லச் சொல்கிறாள்?

"நான் பொய் எழுதுற ஆள் இல்லை. உங்கட மனிசன் எழும்பி நடக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

சத்தமாகத்தான் கேட்டேன். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்தில் நான் பூட்டாமல் விட்டுவிட்டு வந்த குழாயை அவள்தான் பூட்டினாள்.

அன்றைக்கு வலது கால் இருபத்துநாலு. இடது கால் இருபத்திரண்டு. நான் எண்ணைச் சொன்னதும் அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அறை முழுக்கக் கைதட்டியது. பாரிசவாத அம்மாவும் ஒற்றைக் கையால் கட்டிலில் தட்டினார்.

"மிஸ், கொப்பியில எழுதிச் சீலும் குத்துங்க" என்றார்.

பலத்தை எழுதும் பக்கத்தில் நாங்கள் சீல் குத்துவதில்லை. தேவையுமில்லை. பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதுபோலச் சிரித்துக்கொண்டே குத்தினேன்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சுகமாகிவிட்டார் என்று பெருமைப்பட்டேன்.

நாலு மாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வந்தார். நடந்ததை அவரே சொன்னார். முதலில் படகு முதலாளி ஏற்றமாட்டேன் என்றிருக்கிறார். இவர் கொப்பியைக் காட்டியிருக்கிறார். முதல் பக்கத்து ஆங்கிலம் முதலாளிக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க இவருக்கும் விருப்பமில்லை. என் எண்கள் எவனுக்கும் விளங்கும். நாலு, ஏழு, பதினொன்று, இருபத்திரண்டு. கீழே ஆஸ்பத்திரிச் சீல். முதலாளி படகில் ஏற்றினார். முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் திரும்பவும் குமிழி கட்டியது.

தொடையில் பலம் வந்தால் முள்ளந்தண்டு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆழத்தில் உடம்பு தாங்கும் என்றும் அர்த்தமில்லை. அந்தக் கருவி காலைத்தான் நிறுத்தது, ஆளை இல்லை. இதை அவருக்கு விளங்கச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் நான் சீலைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலாளியைத் திட்டலாம், ஆங்கிலத்தில் எழுதிய டொக்டரைத் திட்டலாம், கடலை விடமாட்டேன் என்று நின்ற அந்த மனிதரையும் திட்டலாம். எல்லோரையும் திட்டிப் பார்த்துவிட்டேன். திட்டித் தீரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஐந்து மாதம்தான் இருந்தார். படுக்கைப்புண்ணில் கிருமி ஏறி மௌத்தானார். வீட்டுக்குப் போனேன், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஆனால் எனக்கு மறக்காதது அவர் சக்கர நாற்காலியில் வந்த அந்த நாள்.

கட்டிலில் தூக்கி இருத்தினோம். சாயாமல் இருக்க மனைவி பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கருவியை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே வைத்தேன். சுவரில் முட்டுக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

"தள்ளுங்க நானா."

நெற்றியில் நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தார். தோள் நடுங்கியது. கால் கிடந்தபடியே கிடந்தது. மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் பூச்சியம்.

"எத்தின மிஸ்?"

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மூண்டு."

அவர் சிரித்தார். "மூண்டு கிலோவா? பரவால்ல. கறிக்குக் காணும்."

ஏதோ எடுக்கப் போவதுபோல நான் வெளியே வந்தேன். தாதியிடம் அவரைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு மனைவி பின்னால் வந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்திருக்கிறது.

"அன்டைக்குக் குறைச்சிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். பொய் சொல்ல ஏலாதுன்டீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "இன்டைக்குக் கூட்டிச் சொல்ல மட்டும் ஏலுதா?"



அவள் பொலித்தீன் பையைப் பிரித்துக் கொப்பியை எடுத்தாள். இருபத்திரண்டு எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"எழுதுங்க. சரியானத எழுதுங்க."

அந்த எண்ணுக்குக் கீழே பூச்சியம் எழுதினேன். வலது பூச்சியம், இடது பூச்சியம். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"சீலும் குத்துங்க மிஸ்."

மை காய்ந்துபோயிருந்தது. அழுத்திக் குத்தினேன்.